கடுதாசியில் வந்த ஓநாய்

எங்கள் வீட்டில் கடுதாசி என்றால் அது எல்லாருக்கும் பொது. சிலோனிலிருந்து என் வீட்டுக்காரர் எழுதுவது அவருடைய அப்பாவுக்கு. சாயங்கால ஜெபம் முடிந்ததும் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி உரக்க வாசிப்பார். கடைசியில் ‘வீட்டில் சகலருக்கும் என் அன்பு’ என்று ஒரு வரி வரும். அந்தச் சகலரில் நானும் ஒருத்தி. கறவை மாட்டுக்கு முந்தியா பிந்தியா என்று எனக்குத் தெரியாது.

புருஷன் பெண்சாதிக்குத் தனியாகக் கடுதாசி போடுவதோ, அவள் பதில் எழுதுவதோ அப்போது பாளையங்கோட்டையில் நல்ல குடும்பத்தில் கிடையாது. பதிலையும் மாமாதான் எழுதுவார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர். ‘இன்னாருக்கு என்ன எழுதணும், சொல்லுங்க’ என்று வகுப்பில் கேட்பது போல ஒவ்வொருத்தராகக் கேட்பார். அத்தை ஒரு முழு மணி நேரம் சொல்லுவாள். என் முறை வந்தால், ‘சுகமா இருக்கேன்னு எழுதுங்க மாமா’ என்பேன். எனக்கு எழுதத் தெரியும். அதே மிஷன் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள். எழுதத் தெரியாதவளாக இருந்திருந்தால் இந்த ஆற்றாமை எனக்கு இவ்வளவு இருக்காது.

கல்யாணமாகி எட்டு மாதம் சேர்ந்து இருந்தோம். பிறகு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ரைட்டர் வேலை கிடைத்து அவர் தூத்துக்குடியில் கப்பலேறினார். மூன்று வருஷத்தில் திரும்பி வந்து, இங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த மூன்று வருஷத்தை நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு என்ன வேலை எனக்கு.

மூன்றாவது வருஷம் அந்தப் புஸ்தகம் அவர் கையில் சிக்கியது. தோட்டத்துத் துரைசானி சீமைக்குப் போகும்போது வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டது. தடியான இங்கிலீஷ் நாவல். நம் ஊரில் பாண்டியர்கள் கோயில் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் பனி விழுகிற மலைநாடு ஒன்றில் நடக்கிற கதை. மழை விடாமல் பெய்கிறது, ஆபீஸ் விட்டால் போக்கிடம் இல்லை, அதனால் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் எழுதி அனுப்புகிறேன், வீட்டில் எல்லாரும் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்.

அந்த மலையில் ஒரு கோட்டை. கோட்டையில் ஒரு பிரபு. அவன் செத்து முந்நூறு வருஷம் ஆகிறது, ஆனாலும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து மனுஷ ரத்தம் குடிக்கிறான். ‘காட்டேரிதான் அது’ என்று அத்தை உடனே பெயர் வைத்துவிட்டாள். அதே நாட்டில் ஒரு படைவீரன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவன் ஓநாயாக மாறிப்போவான், விடிந்தால் பழையபடி மனுஷன். பிரபுவுக்கும் ஓநாய் மனுஷனுக்கும் ஜென்மப் பகை.

ஜெபம் பண்ணின வாயோடு இதையெல்லாம் வாசிக்கலாமா என்று மாமா முதலில் தயங்கினார். ஆனால் கதையில் பேராயர் வருகிறார், சந்நியாசிகள் மடம் வருகிறது, கோயில் மணி, சிலுவை எல்லாம் வருகிறது. ‘இது திருச்சபைச் சரித்திரம்ட்டி. சுவிசேஷம் சரியாப் பரவாத காலத்துல அந்தத் தேசத்துல இப்படியெல்லாம் பிசாசு ஆட்டம் இருந்திருக்கு’ என்று அத்தையிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்று முதல் எங்கள் கூடத்தில் அது சரித்திரமாகிவிட்டது. நாவல் என்று கடுதாசியிலேயே எழுதியிருந்தது. மாமா அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் பிரபு, வீட்டு மனுஷர் வாய் திறந்து கூப்பிட்டால் ஒழிய வாசலைத் தாண்ட மாட்டானாம். அத்தைக்கு இதைக் கேட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. ‘நாமதான் வாசல்ல யாரு நின்னாலும் வாங்க வாங்கங்குதோம். நம்ம வீட்டுக்குள்ள அது லேசா நுழைஞ்சிரும் போலுக்கே’ என்றாள். ஒரு வாரம் அவள் யாரையும் வாங்க என்று கூப்பிடவில்லை. மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி வெயிலில் நின்று, முகம் கோணித் திரும்பிப் போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது கடுதாசியில் ஓநாய் மனுஷனின் மனைவி வந்தாள்.

அவள் கோபம் வந்தால் வாய் திறந்து பேச மாட்டாள், பாத்திரங்களைப் பேச விடுவாள் என்று எழுதியிருந்தது. மாமா அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த வரி: அவள் கூந்தலை இடப்பக்கம் சரித்து முடிவாள், எத்தனை தடவை சொன்னாலும் நடுவில் முடிய மாட்டாள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கை தன்னால் இடப்பக்கம் போனது. பையக் கீழே இறக்கிக்கொண்டேன். அத்தை, ‘சீமைப் பொம்பளையும் நம்ம பிள்ளைகள மாதிரித்தான் போலிருக்கு’ என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாமனார் வாயால், மாமியார் காது கேட்க, என் வீட்டுக்காரர் என்னோடு பேசுகிறார்.

சந்தேகம் இருந்தாலும் அடுத்த மாதம் தீர்ந்தது. நாங்கள் ஒரு தடவை என் அம்மா வீட்டுக்கு மாட்டு வண்டியில் போனபோது, வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் மொள்ள இறங்கினோம். என் கையிலிருந்த செம்பு நழுவி ஆற்றோடு போயிற்று. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அதன் பின்னால் ஓடினார். செம்பு அகப்படவில்லை. திரும்பி வந்து, ‘உங்க அம்மைகிட்ட ஆத்துக்குத் தானம் குடுத்தோம்னு சொல்லிரு’ என்றார். வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரைத் தவிர அது யாருக்கும் தெரியாது. கடுதாசியில் ஐரோப்பாவின் ஆறு ஒன்றில் ஓநாய் மனுஷனின் மனைவி ஒரு வெள்ளிக் கூஜாவை நழுவ விட்டாள். அவன் அதன் பின்னால் ஓடினான். கூஜா அகப்படவில்லை.

‘கூஜா போனதுக்கும் சபைச் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்று மாமா முணுமுணுத்தார். நான் அடுக்களைக்குள் எழுந்து போய்ப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பிறகு நானும் பேசக் கற்றுக்கொண்டேன். பதில் எழுத மாமா என்னைக் கேட்கும்போது, ‘அந்த ஓநாய் மனுஷன் எப்போ வீட்டுக்குத் திரும்புதான்னு கேளுங்க மாமா’ என்பேன். ‘இவளுக்குக் கதைன்னா உசுரு’ என்று அவர் சிரித்துக்கொண்டே எழுதுவார். பதில் வரும்: இந்தப் பனிக்காலம் கழிந்ததும் கிளம்புவதாக இருக்கிறான், அவளை நினைக்காத நாள் கிடையாது. ‘அவ ஒத்தையில என்ன செய்யுதான்னு எழுதலியே’ என்று நான் கேட்டால், அவள் தினமும் சாயங்காலம் வடக்குப் பார்த்து நிற்கிறாள் என்று வரும். நான் அப்படி நின்றதில்லை. அந்தக் கடுதாசி வந்த பிறகுதான் நிற்க ஆரம்பித்தேன். சிலோன் தெற்கே என்பது கூட எனக்கு ஓடவில்லை. வடக்கே பார்த்து நின்றால் அடுத்த வீட்டுப் புகைபோக்கிதான் தெரியும்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேலே ஓடியது. மூன்று வருஷத்தில் வருகிறேன் என்றவர் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்று எழுதினார், அதற்கும் வரவில்லை. அத்தை முறுக்கும் அதிரசமும் சுட்டு வைத்துப் பத்து நாள் காத்திருந்து, கடைசியில் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். நான் கல்யாணப் பட்டுப்புடவையை வெயிலில் போட்டு எடுத்து, மடிப்பு நீவி வைத்திருந்தேன். அதை மறுபடி பெட்டிக்குள் திணிக்கும்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கதையும் அப்போது ஒரு மாதிரியாகப் போய்க்கொண்டிருந்தது. பௌர்ணமி கழிந்தும் அவன் முழு மனுஷனாகத் திரும்பவில்லை என்று எழுதியிருந்தார். விரல்கள் ஓநாய் நகம் போல மடங்கியே நிற்கின்றன. கையில் தணல் விழுந்தும் அவனுக்குச் சுடவில்லை. அவரது கையெழுத்தும் கோணிக்கொண்டு போயிற்று. ‘ஒரு ரைட்டர் கையெழுத்தா இது, கோழி கிண்டின மாதிரி’ என்று மாமா கடுதாசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திட்டினார். இவ்வளவும் கண்ணெதிரே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதை எழுதும்போது எனக்கு என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

தை மாதத்தில் அந்தக் கடுதாசி வந்தது. ஓநாய் மனுஷன் ஒருவழியாக வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். இப்போது அவன் முழு ஓநாயும் இல்லை, முழு மனுஷனும் இல்லை. கதவைத் தட்டுகிறான். உள்ளே இருக்கும் மனைவி ஜன்னல் வழியாக அந்தக் கையைப் பார்த்துவிடுகிறாள். அதற்கு மேலே பக்கம் கிழிந்துபோயிருக்கிறது, அவள் என்ன செய்திருப்பாள் என்று நம் வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டு, அவரவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதவும் என்று முடித்திருந்தார்.

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஞாயிறு பள்ளியில் வினா விடை நடத்தின மனுஷர் அல்லவா. எங்களில் யாரும் ஓநாயைக் கண்ணால் கண்டதில்லை. மாமாவுக்குத் தெரிந்த ஒரே ஓநாய் வேதத்தில் வருவது, அதற்கு அங்கே நல்ல பெயர் கிடையாது. ‘ஓநாய் எந்த வேஷத்துல வந்தாலும் மந்தைக்குள்ள விடப்படாது. கதவத் திறக்கவே கூடாது. இதுதான் சரியான விடை’ என்று சொல்லி, அதையே முதலில் எழுதிக்கொண்டார். அத்தை கொஞ்சம் யோசித்தாள். ‘பாவம், வாசல்ல ஒரு வாய் சோறு வைக்கச் சொல்லுங்க. உள்ள விட வேண்டாம்’ என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தக் கேள்வி எனக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் விழுந்தது வேறு கேள்வி. கிறிஸ்மஸுக்கு வராமல் ஏமாற்றிவிட்டு, இப்போது கதவைத் திறப்பாயா என்று கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். சேர்ந்திருந்த எட்டு மாதத்தில் நான் எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், அரை நாழிகை தாங்க மாட்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்கு வந்து நிற்பார். கொஞ்சம் கடுப்பாகச் சொன்னால் அடுத்த கப்பலில் ஓடி வந்துவிடுவார் என்பது என் கணக்கு.

‘தாப்பாளப் போட்டுட்டுப் போய்ப் படுக்கட்டும் மாமா. நாலு வருஷமா வீட்டுக்கு வழி தெரியாதவனுக்கு இப்ப எதுக்குக் கதவு’ என்றேன்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவும் சிரித்தார். ‘சபாஷ். உன் மாமியாளுக்கு இருக்க இரக்கம் உனக்கு இல்ல, ஆனா விடை சரி’ என்று, நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதினார். எனக்கும் பெருமையாக இருந்தது. தபாலில் சேர்த்த அன்றிலிருந்து நாள் எண்ணினேன். வாசலில் எந்த வண்டி நின்றாலும் கூந்தலைச் சரிசெய்துகொண்டேன், இடப்பக்கம்தான்.

ஆள் வரவில்லை, கடுதாசி வந்தது. கிழிந்த பக்கம் கிடைத்துவிட்டது, அந்த மனைவியும் நீங்கள் சொன்னபடியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், அவன் காட்டுக்குள் போய்விட்டான், கதை அத்தோடு முடிந்தது, நான் சுகம். அவ்வளவுதான். ‘பாத்தியா, நாம சொன்ன விடைதான்’ என்று மாமா எல்லாரையும் பார்த்தார். இது கொஞ்சல் இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. மறுபடி அவர் பதில் எழுதும்போது, ‘கதை அதுக்கு மேல இல்லியான்னு கேளுங்க மாமா’ என்றேன். ‘முடிஞ்சதுக்கு மேல என்னட்டி’ என்று சொல்லிவிட்டு அவர் அதை எழுதவில்லை. நானும் கெஞ்சவில்லை. ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். அந்த வீம்புதானே என்னைக் கெடுத்தது.

அதற்குப் பிறகு இரண்டு வரி, மூன்று வரி என்று வந்து, அதுவும் நின்றது. மாமா தோட்டத்துக்கு எழுதினார், பதில் இல்லை. ஒரு வருஷம் போலப் போயிற்று. அம்பாசமுத்திரத்துப் பக்கத்து ஆள் ஒருவர், அதே தோட்டத்தில் வேலை பார்த்தவர், ஊருக்குப் போகிற வழியில் ஒரு துணிமூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூட்டையில் என் வீட்டுக்காரருடைய இரண்டு வேட்டி, ஒரு கோட்டு, அந்தத் தடிப் புஸ்தகம்.

மாமா என்ன ஏது என்று பதறிப்போய்க் கேட்டார். வந்தவர் முதலில் மழுப்பினார். அத்தை அழ ஆரம்பித்ததும் அவரால் தாங்க முடியவில்லை. ‘உசுரோடதான் இருக்காரு அண்ணாச்சி. பெருநோய்க்காரங்கள, அதான் குஷ்டம் வந்தவங்கள, வச்சிருக்க ஆஸ்பத்திரில இருக்காரு. ரெண்டு வருஷமாவே விரல் மடங்கிட்டு வந்துச்சு. கிறிஸ்மஸுக்கு முந்தி டாக்டர் இன்ன நோய்னு சொல்லிட்டாரு. ஊருக்குப் போயிருதேன், எங்க வீட்டுல ஏத்துக்கிடுவாங்கன்னுதான் சொல்லிட்டிருந்தாரு. பொறவு ஒரு கடுதாசி வந்துச்சு. அதுக்கப்புறம் ஊர்ப் பேச்சே எடுக்கல. நான் இதச் சொன்னேன்னு அவருக்குத் தெரியவேண்டாம்’ என்றார்.

அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். மாமா எந்தக் கடுதாசி என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ‘என் கையால எழுதினேனே’ என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னைப் பார்க்கப் பாவமாக இல்லை. அவர் தெரியாமல் சொன்னார். நான் என்னிடம்தான் கேட்கிறார் என்று தெரிந்தே சொன்னேன்.

அந்தப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அம்மாள் இன்னும் இருந்தார்கள். நான் கற்ற இங்கிலீஷ் நாலு பாட்டுக்கும் ஜெபத்துக்கும் மேலே போகாது. அந்த ஓநாயின் மனைவி கடைசியில் என்னதான் செய்தாள் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மாள் மத்தியான இடைவேளைகளில் இரண்டு வாரம் வாசித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

‘பக்கமெல்லாம் முழுசா இருக்கு, ஒண்ணும் கிழியல. ஆனா இதுல அந்த ஓநாய் மனுஷனுக்குப் பொண்டாட்டியே கிடையாதே. அவன் கடைசி வரைக்கும் ஒத்தையாள்தான்’ என்றார்கள்.

கூஜா இல்லை, ஆறு இல்லை. சாயங்காலம் நின்று பார்க்கிறவள் இல்லை. வாசல் இல்லை, கதவு இல்லை. ரத்தம் குடிக்கிற பிரபுவும், கோட்டையும், பேராயரும் மட்டும்தான் புஸ்தகத்தில் இருந்தார்கள். மற்றதையெல்லாம் அவர் மடங்கின விரலால் எனக்கென்று எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்து மாமா காகிதத்தை எடுத்தார். ‘இந்தக் கடுதாசிய நான் எழுதுதேன் மாமா’ என்றேன். அவர் பேனாவையும் மைக்கூட்டையும் என் பக்கம் நகர்த்தினார். எழுதி முடித்ததும் எங்கள் வீட்டு வழக்கப்படி நானே உரக்க வாசித்தேன். மாமனார் மாமியார் முன்னால் ஒரு பெண் சொல்லக்கூடாததெல்லாம் அதில் இருந்தது. நான் சொன்னது கோபத்தில் சொன்னது, என் கோபம் உங்களுக்குத் தெரியாதா. கதவில் தாழ்ப்பாளே போடவில்லை. எந்தக் கையோடும் வாங்க, எந்த முகத்தோடும் வாங்க. விரல் மடங்கினால் நான் ஊட்டிவிடுகிறேன். ஊர் ஒதுக்கினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை போட்டுக்கொள்வோம். நீங்கள் இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் பிடிக்கவில்லை. வர முடியாது என்றால் சொல்லுங்கள், நான் கப்பலேறுகிறேன். வாசிக்கும்போது என் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. மாமாதான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மறுநாள் அவரே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் தடவையாக உறையில் என் பெயர். எழுத்து வேறு யாருடையதோ, கூட இருக்கும் நோயாளி ஒருவர் எழுதியதாம். ‘உங்கள் கடிதத்தைத் தினமும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். வாசித்து வாசித்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கப்பலில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் வரமாட்டேன் என்கிறார். நீங்களும் கிளம்பி வரவேண்டாமாம், வந்தால் உங்கள் முன் வரமாட்டாராம். அவள் கதவைத் திறந்துவிட்டாள் என்று தெரிந்துவிட்டது, அது போதும் என்று எழுதச் சொன்னார்.’

கடுதாசியை மடித்துக்கூட வைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினேன். உங்களுக்குப் போதும், சரி. எனக்குப் போதுமா என்று யாரைக் கேட்டீர்கள்? எனக்குப் போதாது.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு வருஷம் மாதாமாதம் எழுதினேன். கூட இருந்த அந்த நோயாளியின் கையால் சுகம், மழை, ஜெபம் என்று எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, இது ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் மாமா பேருக்கு ஒரு கடுதாசி போட்டார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. எனக்கு இன்னும் போதவில்லை.